பசை விடுவது மரத்தின் ஈரத்தால்

புதுக் கட்டில் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கால் ஆடுகிறது. சாப்பாட்டு மேசையில் இரண்டு பலகைகள் சேருமிடத்தில் நேர்கோடாக விரிசல் தெரிகிறது. அலமாரிக் கதவின் மூலையில் சட்டங்கள் விலகி நிற்கின்றன. எது நடந்தாலும், "மட்டப் பசையைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்றுதான் முதலில் நினைக்கிறோம். பெரும்பாலும் பசைமேல் குற்றம் இருக்காது. எந்தக் கடையிலும் கிடைக்கும் வெள்ளைப் பசையே, ஒழுங்காக ஒட்டினால், மரத்தின் சொந்தப் பிடிப்பைவிட உறுதியாக நிற்கும். கோளாறு அநேகமாக மரத்துக்குள் இருந்த தண்ணீரில் இருக்கிறது.

மரச்சாமான் செய்யக் கொடுப்பவர், கடையில் வாங்குபவர், விடுமுறையில் தானே இழைப்புளி பிடிப்பவர் மூவருக்குமே இது பணத்தைத் தொடும் விஷயம். ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு மரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

காய்ந்த மரத்தில் ஏது தண்ணீர் என்று கேட்கலாம். உங்கள் வீட்டில் பத்து வருடமாக இருக்கும் நாற்காலியிலும் தண்ணீர் இருக்கிறது. அது கையில் ஒட்டாது, கண்ணுக்கும் தெரியாது. அதை அளக்கும் கணக்கு எளிது. ஒரு மரத்துண்டின் எடை 112 கிராம் என்று வையுங்கள். அதை அடுப்பில் வைத்து ஒரு சொட்டு நீர்கூட இல்லாமல் உலர்த்தினால் 100 கிராம் நிற்கிறது. போன தண்ணீர் 12 கிராம். உலர்ந்த எடையான 100க்கு 12 என்பதால், அந்த மரத்தின் ஈரப்பதம் (உலர்ந்த மரத்தின் எடைக்கு அதிலுள்ள நீரின் விகிதம்) 12 சதவீதம். உலர்ந்த எடையோடு ஒப்பிடுவதால், அப்போதுதான் வெட்டிய மரத்தில் இது 100 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். வானிலை அறிக்கையில் "ஈரப்பதம் 80 சதவீதம்" என்று வருவது காற்றினுடையது. அதற்கும் மரத்தின் ஈரப்பதத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒரே எண் அல்ல. இனி காற்றினுடையதைக் காற்றீரம் என்றும், மரத்தினுடையதை மர ஈரம் என்றும் சொல்கிறேன்.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. துவைத்த வேட்டியை நினைத்துப் பாருங்கள். பிழிந்தால் வடிகிற தண்ணீர் ஒன்று, பிழிந்த பிறகும் நூலுக்குள்ளேயே நிற்கும் ஈரம் இன்னொன்று. மரத்திலும் செல்களின் உட்குழியில் நிற்கும் நீர் முதலில் போகும். அது போகும்போது மரம் எடை குறையுமே தவிர அளவில் மாறாது. அதன்பின் செல் சுவர்களுக்குள் ஊறியிருக்கும் நீர் போகத் தொடங்கும். மர ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இது நடக்கிறது. இந்த எல்லைக்கு நார் நிறைவு நிலை (குழிகள் காலியாகி, சுவர்கள் மட்டும் நீரால் நிறைந்திருக்கும் கட்டம்) என்று பெயர். மரம் சுருங்குவதும், வளைவதும், வெடிப்பதும் இதற்குக் கீழேதான்.

அப்படியானால் முழுக்கக் காய்ந்த பிறகு சுருங்குவது நின்றுவிடுமா? நிற்காது. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். மரம் காற்றோடு ஓயாமல் நீரைக் கொடுத்து வாங்குகிறது. காற்று வறண்டால் மரம் நீரை விடும், காற்று ஈரமானால் உறிஞ்சும். ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகும். அந்த அளவைச் சமநிலை ஈரம் (ஓரிடத்துக் காற்றில் வெகுநாள் இருந்தபின் மரம் போய் நிற்கும் ஈர அளவு) என்பார்கள்.

நம் ஊர் வெப்பத்தில், காற்றீரம் 30 சதவீதமாக நீடித்தால் மர ஈரம் 6 சதவீதத்தை ஒட்டி நிற்கும். 50 என்றால் 9. 65 என்றால் 12க்குச் சற்றுக் கீழே. 80 என்றால் 15 அல்லது 16. காற்றீரம் 90ஐத் தொட்டு நாட்கணக்கில் நின்றால் மரம் 20 சதவீதம்வரை ஏறும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் இதிலிருந்து பிறப்பதுதான்.

ஒரு சாதாரண நிலைமையைப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசியில், நாலாபுறமும் திறந்த ஒரு பட்டறையில் மேசை செய்கிறார்கள். அங்கே மரம் 16 சதவீத ஈரத்தோடு இருக்கிறது. அந்த மேசை குளிர்சாதனம் ஓடும் அடுக்ககத்துக்குப் போகிறது. குளிர்சாதனம் காற்றிலிருந்து நீரைப் பிரித்து வெளியே விடுகிறது, அறையின் காற்றீரம் 50க்குச் சற்று மேலே வந்து நிற்கும். சில மாதங்களில் மர ஈரம் 10க்கு இறங்கும். ஒட்டிய பசை அப்படியே இருக்கிறது, இரு பக்கமும் இருந்த மரம்தான் தன் அளவை மாற்றிக்கொண்டுவிட்டது.

பசை உண்மையில் எப்படிப் பிடிக்கிறது? முதலில் அது மரத்தின் மேற்பரப்பை நனைக்க வேண்டும். பிறகு மேலடுக்குச் செல்களுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். அதன்பின் அங்கேயே கெட்டிப்பட வேண்டும். நம் தச்சர்கள் பொதுவாக ஃபெவிகால் என்றே சொல்லும் வெள்ளைப் பசை வகை பி.வி.ஏ. (பிசினின் நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கும் பசை). இதில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேறினால்தான் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரு படலமாக இறுகும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே சிக்கிய தண்ணீர் எங்கே போகும்? பெரும்பகுதியை மரம்தான் குடிக்க வேண்டும்.

குடிக்கிற மரம் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் பசை இறுக வெகுநேரம் பிடிக்கும். தச்சர் வழக்கம்போல ஒரு மணி நேரத்தில் கிளாம்பை (ஒட்டிய கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் கருவியை) கழற்றிவிடுவார், உள்ளே பசை இன்னும் இளகலாக இருக்கும். ஈரம் பசையை நீர்க்கவும் செய்யும். நீர்த்த பசை அழுத்தத்தில் வெளியே பிதுங்கிவிடும், அல்லது தேவைக்கு மேல் மரத்துக்குள் இறங்கிவிடும். பிடிக்க வேண்டிய நடுக்கோட்டில் பசையே மிஞ்சாது. அப்படிப்பட்ட இணைப்பு முதல் நாள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சுமை ஏறும்போதுதான் விஷயம் வெளிவரும்.

ஈரம் அதிகமானால் மரமே பலம் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார் நிறைவு நிலைக்குக் கீழே, மர ஈரம் ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் அதன் தாங்குதிறன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பசை எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும், பிடிக்கப்பட்ட மரம் பலவீனமாக இருந்தால் இணைப்பு அதற்குமேல் தாங்காது.

அப்படியென்றால் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நல்லதா? அதுவும் இல்லை. 5 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த மரம் பசையிலுள்ள நீரை மளமளவென்று இழுத்துவிடும். கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதற்குள் பசையின் மேல் ஆடை படிந்துவிடும். இரு பரப்பிலும் பசை இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று கலந்திருக்காது. சூளையில் (வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் கட்டுப்படுத்தி மரத்தை உலர்த்தும் அறையில்) அளவுமீறி உலர்த்திய மரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: மேற்பரப்பு நீரை ஏற்காமல் உருட்டிவிடும் தன்மையைப் பெறுகிறது. பசை அதை நனைக்காது. ஒரு சொட்டு தண்ணீரை விட்டுப் பாருங்கள். அது பரவாமல் முத்தாக நின்றால், இழைப்புளியால் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டு ஒட்டுவதே நல்லது.

சரி, எத்தனை சதவீதத்தில் ஒட்டலாம்? அமெரிக்காவில் வீட்டுக்குள் வரும் மரவேலைக்கு நாட்டின் பெரும்பகுதியில் 8, வறண்ட தென்மேற்கில் 6, ஈரமான கடலோரத்தில் 11 சதவீதம் என்று அவர்களுடைய வனப்பொருள் ஆய்வகம் பரிந்துரைக்கிறது. ஒரே நாட்டுக்குள் மூன்று எண்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தியாவிலும் ஐ.எஸ். 287 என்ற தரநிர்ணயம் நாட்டைக் காற்றீரப்படி மண்டலங்களாகப் பிரித்துத்தான் பேசுகிறது. தமிழ்நாட்டுக்கு என் கணிப்பைச் சொல்கிறேன்: குளிர்சாதனம் நாள் முழுக்க ஓடும் அறைக்குப் போகும் சாமானுக்கு 8 முதல் 10, சாதாரண வீட்டுக்கு 10 முதல் 12, கடலோர ஊரில் காற்றோட்டமான வீட்டுக்கு 12 முதல் 14.

ஆக, எங்கும் பொருந்தும் ஒரே எண் என்று எதுவும் கிடையாது. அந்தச் சாமான் இனி வாழப்போகும் இடத்தின் சமநிலை ஈரம் எதுவோ, ஒட்டும் நாளில் மரம் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்குமேல் ஒன்று: சேர்த்து ஒட்டும் பலகைகள் எல்லாம் தங்களுக்குள்ளும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதை நம் பட்டறைகளில் கிட்டத்தட்ட யாரும் பார்ப்பதில்லை. பழைய வீட்டுக் கதவை அறுத்த பலகையும் புதிதாக மரவாடியிலிருந்து வந்த பலகையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கம் ஒட்டப்படுகின்றன. பழையது 11, புதியது 18 என்றால், சில மாதங்களில் புதியது மட்டும் சுருங்கும். விரலை ஓட்டினால் இணைப்பில் படி தட்டும், பசைக்கோட்டில் இழுவிசை ஏறும். பெரிய கட்டடங்களுக்கு மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டி உத்திரம் செய்யும் தொழிலில் இதற்குக் கண்டிப்பான விதியே இருக்கிறது. ஐரோப்பியத் தரநிர்ணயப்படி பலகைகள் 6 முதல் 15 சதவீத ஈரத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே உத்திரத்துக்குள் ஒரு பலகைக்கும் இன்னொன்றுக்கும் 5 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் கூடாது.

மரம் எவ்வளவுதான் சுருங்கிவிடும், இதற்கு இத்தனை கவலையா என்று தோன்றலாம். தேக்கை எடுத்துக்கொள்வோம். மரங்களில் குறைவாகச் சுருங்கும் சாதி அது. 30 செ.மீ. அகலமுள்ள, சாதாரணமாக நேராக அறுத்த தேக்குப் பலகை 16 சதவீதத்திலிருந்து 10க்கு வந்தால் அகலத்தில் சுமார் 3 மி.மீ. சுருங்கும். அப்படிப்பட்ட பலகைகளை ஒட்டிய 90 செ.மீ. மேசை ஒரு சென்டிமீட்டர்வரை சுருங்கும். ஆனால் நீளவாக்கில் அதே பலகை ஏறக்குறைய அசையாது. நார் ஓடும் திசையில் மரத்துக்குச் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம்.

இணைப்புகளின் தலைவிதியைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். இரண்டு பலகைகளை நார் ஒரே திசையில் ஓடும்படி பக்கவாட்டில் ஒட்டினால், இரண்டும் சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே விரியும். நடுவிலுள்ள பசைக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு கட்டையின் நார் குறுக்காகவும் இன்னொன்றின் நார் நெடுக்காகவும் சந்திக்கும் இடத்தில் கதை வேறு. ஒன்று அகலத்தில் அசைய நினைக்கிறது, மற்றது அசையவே அசையாது. நடுவே மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பருவத்திலும் இழுபடுவது பசைக்கோடு.

கட்டில் காலில் துளை குடைந்து, அதற்குள் சட்டத்தின் முனையைச் செருகி ஒட்டுகிறோம் அல்லவா? அந்த இணைப்பு இந்த இரண்டாவது வகை. செருகும் முனை 5 அல்லது 6 செ.மீ. அகலமாக இருக்கும்வரை பிரச்சினை சின்னது, பசை தாங்கிக்கொள்ளும். 20 செ.மீ. அகலச் சட்டத்தின் முனையை முழு அகலத்துக்கும் செருகி ஒட்டினால், ஒன்று பசை விடும், இல்லையென்றால் சட்டம் நடுவில் வெடிக்கும். விவரமான தச்சர் அதை இரண்டு சிறு நாக்குகளாகப் பிரித்துச் செருகுவார். அல்லது ஒரு ஓரத்தில் மட்டும் பசை வைத்து, மறு ஓரம் நகர இடம் விடுவார்.

பழைய வீட்டுக் கதவுகளைக் கவனித்திருக்கிறீர்களா? சுற்றிலும் சட்டம், நடுவில் அகலமான பலகை. அந்தப் பலகை சட்டத்திலுள்ள காடிக்குள் (நீளவாக்கில் குடைந்த பள்ளம்) சும்மா உட்கார்ந்திருக்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. கோடையில் உள்ளே சுருங்கும், மழைக்காலத்தில் விரியும், கதவின் அளவு மாறாது. இன்று சில இடங்களில் "கெட்டியாக இருக்கட்டும்" என்று அந்தக் காடிக்குள்ளும் பசையை ஊற்றுகிறார்கள். அடுத்த கோடையில் பலகை நெடுக வெடிக்கிறது. நீங்கள் கதவு செய்யக் கொடுத்தால், நடுப்பலகைக்குப் பசை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தை ஒரு கதவைக் காப்பாற்றும்.

மேசையின் மேற்பலகையை அடிச்சட்டத்தோடு சேர்ப்பதும் அப்படித்தான். அதைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. நீள்துளை போட்டு, அதில் திருகாணி நகரும்படி முடுக்க வேண்டும்.

மேசையின் இரு முனைகளில் மட்டும் இணைப்பு வாய் பிளப்பதையும் பார்த்திருப்பீர்கள். பலகையின் வெட்டுமுனை வழியாக ஈரம் மற்றப் பரப்புகளைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. முனை முதலில் காய்ந்து சுருங்குகிறது, நடுப்பகுதி இன்னும் சுருங்கவில்லை. அந்த இழுப்பு முழுவதும் முனையிலுள்ள பசைக்கோட்டில் இறங்குகிறது. வெட்டுமுனைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று பூச்சு அதிகமாக வார்னிஷ் கொடுத்தால் இந்த வேகம் மட்டுப்படும். அதிகச் செலவில்லாத பாதுகாப்பு இது.

பசைக் கோட்டை ஒட்டி மெல்லிய பள்ளம் ஓடுகிறதே, அது ஏன்? பசையிலிருந்து வந்த தண்ணீர் கோட்டை ஒட்டிய மரத்தை உப்ப வைக்கிறது. அந்த நிலையிலேயே அவசரப்பட்டு இழைத்து, உப்புத்தாள் தேய்த்துச் சமமாக்கிவிடுகிறார்கள். சில நாளில் ஈரம் பரவி வெளியேறியதும் உப்பிய இடம் வடிந்து பள்ளமாகிவிடும். பாலிஷ் போட்டபின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். பலம் குறையாது, அழகுதான் கெடும். ஒட்டிய பலகையைச் சில நாட்கள் விட்டுவைத்து இழைத்தால் இந்தத் தொந்தரவு வராது.

"தண்ணீர் தாங்கும் பசை போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?" நியாயமான கேள்வி. ஐரோப்பியத் தரநிர்ணயம் வெள்ளைப் பசை போன்றவற்றை ஈரம் தாங்கும் அளவைப் பொறுத்து டி1 முதல் டி4 வரை பிரிக்கிறது. டி1 வகை, மர ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டாத உள்ளறைக்கு மட்டும். டி2 எப்போதாவது நனைந்து 18 சதவீதம்வரை ஏறும் இடத்துக்கு. டி3 அடிக்கடி ஈரம் படும் இடத்துக்கு, டி4 வெளிப்புறத்துக்கு. சமையலறை, குளியலறைப் பக்கம் வரும் சாமானுக்கு டி3 அவசியம், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆனால் உயர்ந்த பசையும் மரம் சுருங்குவதைத் தடுக்காது. ஈர மரத்தை டி4 பசையால் ஒட்டினால், பசை விடாமல் மரம் கிழியும்.

பசை வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் எதுவரை போகும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு துயரம் சாட்சி. பவேரியா மாநிலத்தின் பாட் ரைஷன்ஹால் ஊரில் 1970களின் தொடக்கத்தில் கட்டிய பனிச்சறுக்கு அரங்கு ஒன்று இருந்தது. அதன் கூரையைத் தாங்கியவை ஒட்டுமர உத்திரங்கள். அவற்றை ஒட்டிய பசை யூரியா ஃபார்மால்டிஹைடு (மலிவான, விறைப்பான, ஆனால் நீடித்த ஈரத்தில் சிதையும் பிசின்). பனித்தளத்துக்கு மேலிருந்த கூரையில் ஈரம் படிவது இயல்பு. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த ஈரம் பசைக்கோடுகளைத் தின்றது. 2006 ஜனவரி 2 அன்று, வெளியே பனி குவிந்திருந்தபோது கூரை இடிந்தது. இறந்த 15 பேரில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளையோரும். வடிவமைப்பிலும் கணக்கிலும் இருந்த பிழைகளும் விசாரணையில் தெரிந்தன. ஆயினும் ஈரமான இடத்தில் ஈரம் தாங்காத பசை என்பது அந்தப் பட்டியலின் தலையாய காரணங்களில் ஒன்று.

எல்லாப் பழியையும் ஈரத்தின்மேல் போடுவதும் சரியல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய மாஸ்கிட்டோ விமானம் மரத்தாலும் பசையாலும் ஆனது. 1944இல் இந்தியாவில் சில மாஸ்கிட்டோக்களின் இறக்கை முறிந்து விபத்துகள் நடந்தபோது, முதலில் பருவமழைக் காலத்து ஈரத்தையே காரணமாகச் சொன்னார்கள். பிறகு நடந்த விசாரணைகள் தயாரிப்பில் இருந்த குறைகளைக் காட்டின. சரியாகப் பொருந்தாத பரப்பும், போதாத அழுத்தமும், அழுக்கும் எந்தப் பருவத்திலும் இணைப்பைக் கெடுக்கும்.

பிளைவுட்டில் இந்தக் கவலை உண்டா? ஆலையில் அடுக்குகளைச் சூடான அழுத்தத்தில் ஒட்டும்போது, மெல்லிய தகடுகளில் ஈரம் மிஞ்சியிருந்தால் அது ஆவியாகி நடுவில் கொப்புளமாக நிற்கும். வாங்கும் பலகையை விரலால் தட்டிப் பாருங்கள், உள்ளே பிடிக்காத இடம் பொள்ளென்று ஒலிக்கும். எம்.ஆர். என்று முத்திரையிட்டது உள்ளறைக்கு மட்டும். சமையல் மேடைக்கு அடியில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையே வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்வி. மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று நாம் எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டால் சில்லென்று இருக்கிறதா, தட்டினால் கணீரென்று ஒலிக்கிறதா என்பதெல்லாம் அனுபவசாலிக்கு ஒரு குறிப்பு கொடுக்கும். 12க்கும் 18க்கும் உள்ள வித்தியாசத்தை அதைக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது.

ஈரமானி (இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி, மின்தடையைக் கொண்டு ஈரத்தைக் காட்டும் சிறு கருவி) இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 7 முதல் 30 சதவீதம்வரை அது நம்பகமானது. ஒரு எச்சரிக்கை: மேற்பரப்பில் குத்தி வரும் எண்ணை நம்பாதீர்கள். மரம் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். முனையிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குறுக்கே அறுத்து, அந்தப் புதுவெட்டின் நடுவில் குத்துங்கள். அங்கே வருவதுதான் மெய்யான எண்.

கருவி இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பலகையை நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதி, சாமான் இருக்கப்போகும் அறையிலேயே வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே போகிறதா, மரம் இன்னும் தயாராகவில்லை. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து எடை அசையவில்லையா, மரம் அந்த அறையோடு சமநிலைக்கு வந்துவிட்டது. சதவீதம் என்னவென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தேவையான பதில் கிடைத்துவிட்டது.

வாங்கிய பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும். தரைக்கு மேலே கட்டை போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே தடிமனுள்ள ரீப்பர்களை ஒன்றின்மேல் ஒன்று நேராக வரும்படி வைத்து அடுக்குங்கள். வெயில் நேராகப் படக் கூடாது, காற்று ஓட வேண்டும். முனைகளில் பெயின்ட் அடித்துவிட்டால் வெடிப்பு குறையும். பச்சை மரம் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தடிமன் கூடக் கூடக் காலமும் கூடும். பொறுமை இல்லையென்றால் சூளையில் உலர்த்திய மரத்தையே வாங்குங்கள், பட்டறைக்காரர்கள் அதை சீசன் செய்த மரம் என்பார்கள். சூளையில் உலர்ந்த மரமும் மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில் கிடந்தால் மறுபடி ஈரம் ஏறிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

தச்சரிடம் இதை எப்படிப் பேசுவது? அவருடைய தொழிலைச் சந்தேகிப்பதுபோல் கேட்டால் கசப்புதான் மிஞ்சும். "அண்ணே, இந்த மரம் எப்ப அறுத்தது? சீசன் பண்ணதா? எங்க வீட்ல ஏ.சி. ஓடும், அதுக்குத் தக்கன மாதிரி பாத்துக்கணும்ணே" என்று கேளுங்கள். நல்ல தச்சர் இந்தக் கேள்வியை மதிப்பார். "ஒரு மாசம் உங்க வீட்லயே போட்டு வைங்க, அப்புறம் வந்து வேலைய ஆரம்பிக்கிறேன்" என்று அவர் சொன்னால், வேலையை அவரிடமே கொடுங்கள். தாமதம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஒட்டும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. இழைத்த அன்றே ஒட்டுவது நல்லது. தேக்குக்கு இது இன்னும் முக்கியம், அதிலுள்ள இயற்கை எண்ணெய் மெல்ல மேற்பரப்புக்கு வந்து பசையைத் தடுக்கும். அடைமழை நாளில் வெள்ளைப் பசை வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால் மூடிய அறையில் ஒட்டி, கிளாம்பை இரவு முழுக்க விட்டுவையுங்கள். முறுக்க முடிந்த மட்டும் முறுக்கினால் பலம் என்று எண்ண வேண்டாம். இணைப்பு நெடுகப் பசை சின்னச் சின்ன மணிகளாகப் பிதுங்கினால் அழுத்தம் போதும்.

இந்த விதிகளுக்கு ஒரு விலக்கு பாலியூரித்தேன் பசை (ஈரத்தோடு வினைபுரிந்து இறுகும் பசை). கொஞ்சம் ஈரமான மரத்திலும் அது பிடிக்கும், மிகவும் காய்ந்த மரத்துக்கு லேசாகத் தண்ணீர் தெளிக்கவே சொல்வார்கள். இறுகும்போது நுரைத்துக்கொண்டு வரும். அந்த நுரை இடைவெளியை அடைத்ததுபோல் தோன்றும், ஆனால் அதற்குப் பலம் இல்லை. ஈர மரம் பின்னால் சுருங்கும் என்ற அடிப்படையும் மாறவில்லை.

உங்கள் பசையும் மரமும் சரியாகச் சேர்ந்தனவா என்று சோதிக்க, அதே மரத்தின் இரண்டு துண்டுகளை நார் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு, உளியை இணைப்பில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துப் பிளந்து பாருங்கள். பிளந்த பரப்பில் மரநார் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை மரத்தை வென்றுவிட்டது, தைரியமாக வேலையைத் தொடரலாம். வழவழப்பாக, பசை மினுமினுக்கப் பிரிந்து வந்தால் ஈரத்திலோ அழுத்தத்திலோ கோளாறு. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டில் செய்வதற்கு முன் இந்தச் சிறு சோதனை செய்வது எவ்வளவோ மேல்.

வார்னிஷ், பாலிஷ் எல்லாம் ஈரத்தை அடைத்துவிடாதா? அடைக்காது, வேகத்தைத்தான் குறைக்கும். மேசையின் மேல்பக்கம் மட்டும் பூசி அடிப்பக்கத்தை விட்டுவிட்டால், அடிப்பக்கம் வேகமாக ஈரம் வாங்கியும் விட்டும் பலகையை வளைக்கும். இரு பக்கமும் ஒரே அளவு பூச்சு கேளுங்கள். குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடத்தில் பலகைகளை ஒட்டிச் செய்த மேசையைப் போடாதீர்கள்.

ஏற்கெனவே ஆடும் கட்டிலை என்ன செய்யலாம்? இடுக்கில் பசையை ஊற்றினால் பயனில்லை, இறுகிய பழைய பசையின்மேல் புதியது பிடிக்காது. இணைப்பை முழுக்கக் கழற்றி, பழைய பசையை உளியால் சுரண்டி, மரம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுத்தால், மறுபடி காயச் சில நாட்கள் கொடுக்க வேண்டும். முனை சுருங்கித் துளை தளர்ந்திருந்தால், அதே மரத்தின் மெல்லிய சீவலை முனையில் ஒட்டித் தடிப்பாக்கி, கையால் தள்ளினால் இறுக்கமாக நுழையும் அளவுக்கு இழைத்து ஒட்டலாம். இதற்கு மாசி, பங்குனி நல்ல காலம். மழைவாடை போய் மரம் தன் ஈரத்தை விட்டிருக்கும். ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் யாரும் அதில் உட்காரக் கூடாது.